மழையைக் குறைத்து எழுதிய புத்தகம்

அன்பு மகன்,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. தபால்காரர் வாசற்படலையில் மணியடிக்க, சின்னம்மா குசினியிலிருந்து ஈரக்கையோடு ஓடிப்போய் வாங்கி, முழுவதும் வாசித்து முடித்த பிறகுதான் என்னிடம் தந்தாள். தம்பலகாமத்துப் பக்கம் நம்முடைய குளத்தின் வான்கட்டை உயர்த்துகிற வேலை உன் கைக்கு வந்திருக்கிறது, அதோடு சேர்த்து ஒரு வானிலை நிலையமும் நிறுத்த வேண்டும், எந்தக் கருவியை எடுக்கலாம், எங்கே நடலாம், சித்தப்பா சொல்லுங்கள் என்று கேட்டிருந்தாய். அதற்குக் கீழே, 'நீங்கள் எழுதி வைத்த மழைப் புத்தகம்தான் எங்கள் கந்தோரிலேயே சுத்தமான புத்தகம், அதிலுள்ள மிகப் பெரிய ஒரு நாள் மழையை வைத்துத்தான் வான்கட்டின் மட்டத்தைக் கணக்குப் பார்க்கிறோம்' என்று எழுதியிருந்தாய். அந்த வரியைச் சின்னம்மா இரண்டு தரம் உரத்து வாசித்தாள். நான் கதிரையை விட்டு எழும்பவில்லை. சந்தோஷத்தில் வாயடைத்துப் போய்விட்டேன் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

இந்தக் கடிதத்தை உனக்கு மட்டும் எழுதவில்லை. நீ இதை உன் நீர்ப்பாசனக் கந்தோரில் எல்லோருக்கும் முன்னால் வாசிக்க வேண்டும், பிறகு கடிதக் கோவையில் கட்டி வைக்க வேண்டும். அதனால் உனக்குத் தெரிந்ததையும் மற்றவர்களுக்காகச் சொல்லுகிறேன். வான்கட்டு என்பது குளம் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வழிந்து போகிற வாசல். அதை உயர்த்தினால் குளம் கூடத் தண்ணீர் பிடிக்கும், வயல்காரர் சந்தோஷப்படுவார்கள். ஆனால் எவ்வளவு மழை வரும் என்பதைக் குறைத்துக் கணக்குப் பார்த்து உயர்த்தினால், ஒரு மார்கழியில் தண்ணீர் அந்த வாசலால் போக இடம் காணாமல் மண்கட்டின் தலைக்கு மேலால் ஏறும். ஏறினால் கட்டு நிற்காது. கட்டுக்குக் கீழே முன்பு வயல் மட்டும்தான் கிடந்தது. இப்போது இரண்டு வரிசை வீடுகள் இருக்கின்றன. ஆகையால் மகன், நான் இதை எழுதி முடித்து, நீ வாசித்து முடித்து, வேறு கணக்குப் போடுகிற வரைக்கும் அந்த மட்டத்தில் கையெழுத்து வைக்காதே.

என் கதைகளை எவ்வளவு கழித்துக் கேட்க வேண்டும் என்று உனக்குத் தெரியும். உனக்குப் பத்து வயதில் அண்ணன் உன்னை என் கையில் விட்டுவிட்டுக் கண்ணை மூடினார். அன்றிலிருந்து உன்னை வளர்த்தது பாதி சோற்றாலும் பாதி என் கதையாலும்தான். வெள்ளைக்காரக் கடற்படை இங்கே துறைமுகத்தில் இருந்த காலத்தில் துரைமார் என்னிடம் 'இன்றைக்கு மழையா' என்று கேட்ட பிறகுதான் நங்கூரம் தூக்குவார்கள் என்று சொல்லியிருக்கிறேன். ஒரு துரை ஒரு நாள் கேட்டது உண்மை. அவர் கேட்டது தேநீர் இருக்கிறதா என்று. ஆனால் இதையும் சொல்ல வேண்டும், ஆறாம் வகுப்போடு நின்றவன் என்றாலும், இந்த ஜில்லாவில் என்னைப் போல மழையை மூக்கால் அறிந்தவன் ஒருவன் இல்லை. சல்லி ஊர்க் கடலுக்கு மேல் கறுப்பு எழும்ப முன்னமே எனக்கு இடது முழங்கால் சொல்லிவிடும். உன் பொறியியல் புத்தகத்தில் முழங்காலைப் பற்றி ஒன்றும் இருக்காது. இருந்தாலும் எழுதி வை.

முதலில் நீ கேட்டதற்குப் பதில். கொழும்பிலிருந்து ஒரு முகவர் படப்புத்தகத்தோடு வந்தார், மணிக்கூட்டோடு ஓர் உருளை சுற்ற, பேனா தானாகவே மழையைக் கடதாசியில் கீறும், ஆளே தேவையில்லை என்றார் என்று எழுதியிருந்தாய். ஆளே தேவையில்லை என்று சொல்லுகிற எவனையும் நம்பாதே. எங்கள் உப்புக்காற்றில் அந்த மணிக்கூடு எத்தனை மாதம் ஓடும் என்று கேள். பேனாவில் மை காய்ந்தால் கடதாசியில் நேர்கோடு விழும், மழையில்லை என்று நீ நினைப்பாய், வெளியே கோழி நீந்திக்கொண்டிருக்கும். வாங்காதே என்று சொல்லவில்லை. வாங்கு. ஆனால் அதற்குப் பத்தடி தள்ளி, தானாக ஒன்றும் செய்யத் தெரியாத ஒரு சாதாரணச் செம்பு மழைமானியையும் நடு. இரண்டும் ஒரே கதை சொல்லுகிற நாளில் இரண்டையும் ஓரளவு நம்பு. வேறு வேறு கதை சொன்னால் அதைவிட நல்ல நாள் உனக்குக் கிடைக்காது, ஏனென்றால் அன்றைக்கு ஒரு பொய்யைக் கையோடு பிடித்துவிட்டாய். செம்பு மழைமானி வந்து இறங்கியவுடன் பெட்டியில் எழுதியிருக்கிற அளவைப் பார்த்துத் திருப்திப்படாதே. அடிமட்டத்தை எடுத்துப் புனலின் வாயை மூன்று பக்கமாக அளந்து பார். வழியில் ஒரு மூட்டை அதன் மேல் விழுந்திருந்தால் வாய் வட்டமாக இருக்காது. உள்ளே தண்ணீரை நிரப்பி, காய்ந்த சாக்கின் மேல் ஒரு நாள் வைத்துப் பார், சாக்கு ஈரமானால் திருப்பி அனுப்பு. மழையை ஊற்றி அளக்கிற, கோடு போட்ட கண்ணாடி இந்தப் புனலுக்குரியதுதானா என்று பார். இந்த ஒன்றை மட்டும் மூன்று தரம் பார். ஏன் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

நடுகிற இடம். கூரையில் வைக்காதே, காற்று மழையைத் தூக்கிக்கொண்டு போய்விடும். சீமெந்துத் தரையில் வைக்காதே, பக்கத்தில் விழுகிற மழை தெறித்து உள்ளே போகும், பெய்யாத மழையை எழுதுவாய். மரம் எவ்வளவு உயரமோ அதில் இரண்டு பங்கு தூரம் தள்ளி நடு, அந்த மரம் இன்னும் வளரும் என்பதையும் நினைத்துக்கொள். வேலி போடு. ஆட்டுக்கு மட்டும் இல்லை. மழைமானியைக் கண்டால் மனிதனுக்கு அதற்குள் எதையாவது ஊற்ற வேண்டும் என்று தோன்றும், அது ஏன் என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. காற்றை அளக்கிற கிண்ணங்கள் சுற்றுகிற கம்பத்தைச் சல்லிக் கரையில் நடுவதாக எழுதியிருந்தாய். அங்கே நட்டால் இரண்டாம் நாளே வலை காயப் போடுவார்கள். அவர்கள் மேல் பிழை சொல்ல ஏலாது. கடற்கரையில் ஒரு கம்பம் நின்றால் வேறு எதற்கு நிற்கிறது என்று நினைப்பார்கள்? வலை தொங்குகிற நாளெல்லாம் உன் புத்தகத்தில் காற்றில்லை என்று விழும்.

இனி என் மழைமானி. வெள்ளைக்காரர் துறைமுகத்தை விட்டுப் போன பிறகு எனக்கு உன்னுடைய இதே கந்தோரின் சாமான் களஞ்சியத்தில் வேலை கிடைத்தது உனக்குத் தெரியும், தம்பலகாமம் போகிற வழியில், கண்டி றோட்டில். சீமெந்து, கம்பி, மண்வெட்டி எல்லாவற்றுக்கும் நான்தான் பொறுப்பு. அந்த வளவில் மழைமானி நட வேண்டும் என்று மேலிடத்திலிருந்து கட்டளை வந்தபோது இடத்தைத் தெரிந்தெடுத்தவன் நான். குழி வெட்டியவன் நான். மட்டம் பிடித்தவன் நான். பார்க்க வந்த அதிகாரி சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, இதைப் போல இடம் தான் கண்டதில்லை என்றார். அப்படித்தான் சொன்னார் என்று வைத்துக்கொள். மழைமானியின் வாய் ஐந்து அங்குலம். ஒவ்வொரு காலையும் எட்டரை மணிக்குக் கண்ணாடியில் ஊற்றிப் பார்த்து எழுத வேண்டும். நான் அந்த ஐந்து அங்குலத்தை உலகம் முழுவதிடமிருந்தும் காவல் காத்தேன். வளவுக்கு வருகிற லொறிக்காரர் எல்லோரையும் சந்தேகித்தேன். காவலாளி அதற்குள் வெற்றிலை துப்புகிறான் என்று சந்தேகித்து மழைமானி வேலியின் படலைக்குக் குறுக்கே ஒரு நூல் கட்டினேன். நூல் அறுந்த நாளில் அவனோடு சண்டை பிடித்தேன். அறுத்தது கீரி. என் கையை மட்டும் நான் ஒருநாளும் சந்தேகிக்கவில்லை.

அந்தக் கண்ணாடியை ஆடு உடைத்தது என்று கந்தோருக்கு எழுதினேன். உனக்கும் அதையே சொன்னேன், ஆட்டுக்குக் கொம்பு எவ்வளவு நீளம் என்றும் கையால் காட்டினேன். ஆடே வரவில்லை. ஒரு காலை லொறிக்காரர் நாலு பேர் வாங்குப் பலகையில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன், "உதென்ன பெரிய வேலையே அண்ணை, ஒரு போத்தல் தண்ணி ஊத்துறது?" என்றான். "ஊத்துறதோ? கண்ணை மூடிக்கொண்டு ஒரு துளி சிந்தாமல் ஊத்திக் காட்டட்டோ?" என்றேன். காட்டினேன். துளி சிந்தவில்லை, கண்ணாடி முழுவதும் விழுந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை, அதுதான் எனக்குப் பெரிய அவமானம். உடைந்தது என்று எழுதினால் எப்படி உடைந்தது என்று மேற்பார்வை ஓவசியர் வந்து விசாரிப்பார், லொறிக்காரர் சொல்லிவிடுவார்கள். ஆகையால் ஆடு உடைத்தது, மாற்றுக் கண்ணாடியும் நானே தேடி எடுத்துவிட்டேன், கந்தோருக்குச் சிரமம் வேண்டாம் என்று ஒரே கடிதத்தில் முடித்தேன். பாராட்டி ஒரு வரி பதில் வந்தது. அதைச் சின்னம்மா இன்னும் அலுமாரியில் வைத்திருக்கிறாள்.

மாற்றுக் கண்ணாடியை எடுத்தது நகரத்துச் சந்தைக்குப் பக்கத்தில், கிண்ணியாவைச் சேர்ந்த அசனார் காக்காவின் கடையில். கடற்படை விட்டுப் போன பழஞ்சாமான்களை ஏலத்தில் எடுத்து விற்றவர். கயிறு, விளக்கு, பித்தளைப் பூட்டு என்று கடை நிறையக் கிடக்கும். மேல் தட்டில் ஒரு கண்ணாடி நின்றது, தடித்து, உயர்ந்து, வெள்ளைக் கோடுகள் வடிவாகக் கீறி. அடியில் எட்டு என்று இருந்தது, ஏலக்காரன் போட்ட இலக்கம் என்று நினைத்தேன். என் பழைய கண்ணாடி அதற்குப் பக்கத்தில் வைத்தால் மருந்துப் போத்தல் மாதிரி. காக்கா அதை இறக்கித் துடைத்துத் தந்துவிட்டுச் சொன்னார், "தம்பி, இதுக்கு சோடிப் புனல் ஒண்டு இரிக்கி, பெரிய வாய். ரெண்டையும் சேத்து எடுங்க. பிரிச்சி விக்கிறது சரியில்ல." "புனல் என்னட்ட இருக்கு காக்கா," என்றேன். "ஒங்கட புனலு இந்த அளவா?" என்று கையை விரித்துக் காட்டினார். எனக்குச் சந்தேகம் வந்தது. ஒன்று கேட்டு வந்தவன் தலையில் இரண்டைக் கட்டப் பார்க்கிறார் என்று நினைத்தேன். "காக்கா, நான் கவுண்மேந்து ஆள், எனக்குப் படிப்பிக்க வேண்டாம்," என்றேன். அவர் கண்ணாடியைக் கடதாசியில் சுற்றிக்கொண்டே, "அப்ப நான் சொன்னத்த ஞாபகம் வெச்சுக்கங்க," என்றார். நான் ஞாபகம் வைத்தேன், அவர் என்னை ஏமாற்றப் பார்த்தார் என்று. பிறகு பல வருடம் அந்தக் கடைக்கு முன்னால் போகும்போதெல்லாம் மற்றவர்களுக்கு அவரைக் காட்டி எச்சரித்தேன். அந்த மனிதன் போன வருடம் மவுத்தாகி மண்ணுக்குள் போய்விட்டார். என்னிடம் அன்றைக்கு உண்மை பேசிய ஒரே ஆள் அவர்.

மகன், உனக்கு இது இப்போதே விளங்கியிருக்கும். மற்றவர்களுக்காகச் சொல்லுகிறேன். எட்டு அங்குல வாயால் விழுகிற மழைக்குக் கோடு போட்ட கண்ணாடியில் நான் ஐந்து அங்குல வாயால் விழுந்த மழையை ஊற்றினேன். சின்ன வாயால் விழுவது கொஞ்சத் தண்ணீர், பெரிய கண்ணாடியில் அது அடியில் கிடக்கும். வானம் இரண்டரை அங்குலம் பெய்தால் என் கண்ணாடி ஓர் அங்குலம் என்றது, நானும் ஓர் அங்குலம் என்று எழுதினேன், அழகான கையெழுத்தில், புள்ளிக்குப் பிறகு இரண்டு இலக்கத்தோடு. இரண்டு மழைக்காலம் இப்படிப் போயிற்று. மழை குறைந்துவிட்டது என்று எல்லோருக்கும் சொன்னேன். துறைமுகத்தில் மரம் வெட்டினதால் குறைந்தது என்று ஒருவரிடமும், கடற்படை குண்டு சுட்டுப் பழகியதால் மேகம் பயந்துவிட்டது என்று இன்னொருவரிடமும் விளக்கம் கொடுத்தேன். வாழ்நாள் முழுக்க எல்லாவற்றையும் கூட்டிச் சொன்னவன் நான். குறைத்துச் சொன்னது இந்த ஒன்றைத்தான்.

அதைக் கண்டுபிடித்தவர் விதானையார். கதிர்காமத்தம்பி விதானையாரை நீ சின்ன வயதில் கண்டிருப்பாய், குளத்துத் தண்ணீருக்குப் பொறுப்பான மனிதர், எப்போது துருசைத் திறந்து வயலுக்குத் தண்ணீர் விடுவது, எப்போது மூடுவது என்று பார்க்கிறவர். இரண்டாம் மழைக்காலம் தொடங்கி ஒரு காலை சைக்கிளில் வந்து இறங்கினார், காரியரில் ஒரு சதுரத் தகர பிஸ்கற் ரின் கட்டியிருந்தது.

"ஸ்டோர்த்தம்பி, நேத்தைய மழை எவ்வளவு எழுதினீர்?"

"ஒண்டு புள்ளி பத்து."

"என்ர ரின்னுக்குள்ள ரெண்டே முக்கால் நிக்குது. அடிமட்டம் வைச்சுப் பாத்தனான்."

"விதானையார், கவுண்மேந்துச் சாமானுக்கு முன்னால பிஸ்கற் ரின்னோ? வயித்தைப் பிடிச்சுக்கொண்டு சிரிக்கப் போறாங்கள்."

"சிரிக்கட்டும். வரம்பு முட்டத் தண்ணி நிக்குது, நீரோ தூறல் எண்டு எழுதுறீர். உம்மட போத்தல் பொய் சொல்லுது."

"உங்கட ரின்னுக்குள்ள வேற யாரும் ஊத்தியிருப்பாங்கள்."

"ஓம், ஓம். மேல இருக்கிறவன் ஊத்தினவன்," என்று வானத்தைக் காட்டிவிட்டுச் சைக்கிளில் ஏறினார்.

லொறிக்காரரிடம் இதைச் சொல்லி ஒரு கிழமை சிரித்தேன். பிஸ்கற் விதானை என்று பெயரும் வைத்தேன். ஆனால் பக்கம் நேராக நிற்கிற தகரத்தில் அடிமட்டம் காட்டுகிற அளவுக்கு மேல் உண்மையான அளவு வேறில்லை என்பது ஆறாம் வகுப்புக்காரனுக்கும் விளங்கும். ஒருவரும் இல்லாத நேரம் பார்த்து, மழைமானிக்குப் பக்கத்தில் நானும் ஒரு ரின்னை வைத்தேன். மூன்று மழைக்கு வைத்தேன். மூன்றுக்கும் விதானையார் சொன்னதுதான் சரி. அதற்குப் பிறகுதான் கண்ணாடியின் அடியிலிருந்த எட்டு என்ன என்று தெரிந்தது. அந்தக் கிழமையே சொல்லியிருக்கலாம். தைப்பொங்கல் கழியட்டும், புதுக் கண்ணாடி ஒன்று கேட்டு எடுத்து அமைதியாக மாற்றிவிடுவோம், பழையதை யார் திருப்பிப் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். பொங்கலுக்கு முன் புயல் வந்தது.

அந்த மழையைப் பற்றி உனக்கு எத்தனையோ விதமாகச் சொல்லியிருக்கிறேன், ஒரு தரம் மாடு பறந்தது என்றும் சொன்னேன். மாடு பறக்கவில்லை. மற்ற எல்லாம் நான் சொன்னதிலும் மோசம். அந்த ஒரு நாளில் மட்டும் நான் சரியாக வேலை செய்தேன். செம்பு நிறைந்து வழிய விடாமல் பகலில் ஒரு தரமும் அடுத்த நாள் எட்டரைக்கு ஒரு தரமும் தவறாமல் எடுத்து ஊற்றினேன். பிழையான கண்ணாடியில் ஊற்றினேன், அது காட்டியதையே எழுதினேன். மூன்று புள்ளி நாற்பது. நீ உன் கணக்கில் வைத்திருக்கிற மிகப் பெரிய ஒரு நாள் மழை அதுதான்.

அன்றைக்குக் குளக்கட்டு உடைந்தது. ஆள் சேதமில்லை, அது ஒருவருடைய கெட்டித்தனமும் இல்லை, அப்போது கீழே வீடில்லை. வயல் போயிற்று, மாடு போயிற்று. இரண்டு கிழமையில் விசாரணை வைத்தார்கள், எங்கள் களஞ்சியத்திலேயே, சீமெந்துப் பைகளுக்கு நடுவில் மேசை போட்டு. கொழும்பிலிருந்து வந்த என்ஜினியர் ஐயா என் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, இந்தச் சின்ன மழைக்கு இந்தக் கட்டு உடைய நியாயமில்லை, துருசை நேரத்துக்குத் திறந்திருக்க மாட்டீர் என்று விதானையாரிடம் சொன்னார். விதானையார் சால்வையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "ஐயா, துருசு பின்னேரமே திறந்தாச்சு. மூண்டு அங்குல மழையில்ல ஐயா அது. இவரிட்ட கேளுங்கோ," என்று என்னைக் காட்டினார். பிறகு என் முகத்தைப் பார்த்து, மெதுவாக, "சொல்லும் தம்பி," என்றார். பிஸ்கற் ரின்னைப் பற்றி அவர் சொல்லவில்லை. நான் அதை ஊரெல்லாம் சிரிக்க வைத்திருந்தேன், அதனால் சொல்ல வெட்கப்பட்டார். நான், "புத்தகத்தில இருக்கிறதுதான் ஐயா," என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். என் வாழ்க்கையில் நான் சுருக்கமாகப் பேசியது அன்றைக்கு மட்டும்தான். அவருடைய பொறுப்பை அடுத்த மாதம் எடுத்துவிட்டார்கள். கட்டு உடைச்ச விதானை என்று பெயர் நின்றுவிட்டது. அந்தக் கண்ணாடியை நான் களஞ்சியக் கிணற்றுக்குள் போட்டேன், கை தவறி விழுந்தது என்று எழுதினேன், கந்தோர் ஐந்து அங்குலக் கண்ணாடி அனுப்பியது. அந்தத் தையிலிருந்து என் புத்தகம் சரி.

சரி என்று சொன்னாலும் முழுவதையும் நம்பாதே. சல்லி அம்மன் பொங்கலுக்குச் சின்னம்மாவைக் கூட்டிக்கொண்டு போன நாட்களில் மழைமானியை யார் பார்த்தது? திரும்பி வந்து உள்ளே கிடந்ததை மூன்றாகப் பங்கிட்டு எழுதினேன், ஒரே மாதிரி இருக்கக்கூடாது என்று ஒரு நாளுக்குக் கொஞ்சம் கூட்டியும் ஒரு நாளுக்குக் குறைத்தும். எந்த நிலையத்தின் புத்தகத்திலும் ஞாயிற்றுக்கிழமைகளைத் தனியாக எடுத்துப் பார். ஞாயிறெல்லாம் வெயிலும் திங்களெல்லாம் பெருமழையுமாக இருந்தால் அங்கே மழை ஓய்வெடுக்கவில்லை, வாசிக்கிறவன் ஓய்வெடுத்தான். சுத்தமான புத்தகத்தை ஒருநாளும் நம்பாதே. மழையில் நின்று எழுதிய பக்கத்தில் மை கலங்கியிருக்கும், வெட்டித் திருத்தியிருக்கும், கடதாசி நெளிந்திருக்கும். என் புத்தகம் சுத்தமாக இருந்தது ஏனென்றால் நான் உள்ளே கதிரையில் இருந்து மறுபடி அழகாகப் பார்த்து எழுதினேன். முகவரோடு ஒரு நாள் பேசினால் வாசிக்கிறவரோடு பத்து நாள் பேசு. என்னைப் போலக் கதை சொல்லத் தெரிந்தவனை எடுக்காதே. மழை பிழையாக எழுதப்பட்டால் தன் வயலோ வீடோ போகும் என்று தெரிந்த ஒருவரை எடு. 'எனக்குத் தெரியவில்லை, இன்றைக்குக் கொஞ்சம் சிந்திவிட்டது' என்று எழுதக் கூச்சப்படாத ஒருவரை எடு.

இனிக் கணக்கு. ஆடு உடைத்தது என்று எழுதிய கடிதம் உன் கந்தோர்க் கோவையில் இருக்கும், கை தவறி விழுந்தது என்ற கடிதமும் இருக்கும். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற ஒவ்வொரு நாளையும் எட்டை எட்டால் பெருக்கி, ஐந்தை ஐந்தால் பெருக்கி, முன்னதைப் பின்னதால் பிரித்து, வருகிற தொகையால் பெருக்கு. இரண்டரைக்குக் கொஞ்சம் மேலே வரும். மூன்று புள்ளி நாற்பது எட்டு அங்குலம் எழுபது ஆகிறது. மூன்று இரவு உட்கார்ந்து போட்டேன், உனக்கு மூன்று நிமிடம் பிடிக்கும். என் சொல்லை வைத்து மட்டும் செய்யாதே. சுற்றியுள்ள மற்ற நிலையங்களின் புத்தகங்களை எடுத்து, மாதத்துக்கு மாதம் என் புத்தகத்தோடு பக்கத்தில் வை. மற்றவை எல்லாம் நனைந்திருக்க என்னுடையது மட்டும் அந்த இரண்டு மழைக்காலமும் காய்ந்து கிடக்கும். கிணற்றை இறைத்தால் கண்ணாடித் துண்டும் கிடைக்கும். வான்கட்டை உயர்த்துவதா, அகலமாக்குவதா என்று சொல்ல எனக்குப் படிப்பில்லை. எட்டு எழுபதை வைத்துத் தீர்மானி.

இந்தக் கடிதத்தைத் தபாலில் போட முன் நேற்றுக் காலை பஸ் எடுத்துத் தம்பலகாமம் போனேன். சின்னம்மாவுக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் போனேன். அவள் குடையைக் கொண்டுவந்து தந்தாள். விதானையார் வளவில் நெல் காயப் போட்டுக்கொண்டிருந்தார். கட்டுக்குக் கீழே இருக்கிற வீடுகளில் இரண்டு அவருடைய மகள்மாருடையவை என்று எனக்கு அங்கே போன பிறகுதான் தெரிந்தது. நின்றபடியே இந்தக் கடிதத்தில் அதுவரை எழுதியதை முதலிலிருந்து வாசித்தேன். பிஸ்கற் ரின் இடம் வந்தபோது அவர் நெல்லைக் கிளறுவதை நிறுத்தவில்லை. விசாரணை இடம் வந்தபோது நிறுத்தினார். வாசித்து முடித்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் அதைப் பார்த்த மாதிரித் தெரியவில்லை.

"வான்கட்டை எவ்வளவு உயத்தப் போறாங்கள்?" என்றார்.

"ஒண்டரை அடி எண்டு போட்டிருக்கினம். அதுதான் இப்ப மாறும்."

"ஆர் மாத்துறது?"

"என்ர மகன். அண்ணற்ர பொடியன். அவன்தான் கணக்கு."

"மாத்துவானோ?"

"மாத்துவான் விதானையார், நான் சொல்லுறன்."

அவர் காலால் நெல்லைத் தள்ளிவிட்டு நிமிர்ந்தார். "நீர் சொல்லுறீர். நீர் அண்டைக்கும் சொன்னனீர். அவன் வந்து சொல்லட்டும்."

மறுபடி நெல்லைக் கிளறத் தொடங்கினார். தண்ணீர் குடிக்கிறீரா என்றும் கேட்கவில்லை, எங்கள் பக்கத்தில் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று உனக்குத் தெரியும். ஆகையால் மகன், புதுக் கணக்கைப் போட்டு முடித்தவுடன் வேறு எவருக்கும் அனுப்ப முன் லீவு போட்டுக்கொண்டு இங்கே வா. கடிதத்தில் எழுதாதே, தந்தியும் அடிக்காதே. மட்டம் எவ்வளவு என்பதை அவருக்கு முன்னால் நின்று உன் வாயால் சொல். ஏன் என்று கேட்பார், அடிமட்டம் வைத்துப் பார்த்த மனிதர் அவர், விளங்குகிற மாதிரிச் சொல். பஸ் நிலையத்திலிருந்து நான் உன்னைக் கூட்டிக்கொண்டு போகிறேன். அவருடைய படலை வரைக்கும் வருவேன். உள்ளே நீ மட்டும் போ.

உன் சித்தப்பா